தற்காலிகப் புலி

மெல்லண்ணனுக்கு அந்தப் பெயர் அவர் வாயாலேயே வந்தது. மாட்டை ஓட்டும்போதும் "மெல்ல, மெல்ல" என்பார். பால் வண்டிக்காரர் கேனைத் தூக்கும்போதும் "மெல்ல, மெல்ல" என்பார். நிலப் பதிவுக்குப் போன இடத்தில் முத்திரை குத்திய குமாஸ்தாவிடம்கூட அதையே சொல்லி, "காகிதத்துக்கு வலிக்காதுய்யா" என்று வாங்கிக் கட்டிக்கொண்டு வந்தவர். ஐம்பத்திரண்டு வயதுவரை ஒரு கோழியைக்கூட அதட்டியதில்லை. இந்த மனிதரைத்தான் இயற்கைப் பிரதி வாரியம் புலியாக நியமித்தது.

அவருக்கும் அவருடைய அக்காவுக்கும் பொதுவாக ஒன்பது மாடு, நூற்றைம்பது கோழி, ஒரு குளம், குளம் நிறைய வாத்து. வளர்ப்பு முறை அக்காவுடையது. அவள் காட்டோரத்து நாற்றங்கால் ஒன்றில் பதினொரு வருஷம் வேலை பார்த்தவள். வேலியோரமாகக் காட்டெருமைக் கூட்டம் மேய்வதைத் தினமும் பார்ப்பாள். அவை ஒன்றோடொன்று உரசிக்கொண்டு நெருக்கமாக மேயும். ஒரு இடத்தை மேய்ந்ததும் நகர்ந்துவிடும். பின்னாலேயே பறவைகள் இறங்கிச் சாணத்தைக் கிளறிப் புழு பொறுக்கும். அப்புறம் அந்தப் பக்கம் எதுவும் போகாது. புல் தன்பாட்டுக்கு நிமிர்ந்து வளரும். வேலையை விட்டுவிட்டு ஊர் திரும்பிய அக்கா, தம்பியிடம் சொன்னது இவ்வளவுதான்: "அங்க நடக்கிறதை இங்க செய்வோம்."

நிலத்தை முப்பது துண்டாகப் பிரித்தார்கள். லேசாக மின்சாரம் ஓடும் ஒற்றைக் கம்பியை இழுத்துக் கட்டி, மாடுகளை ஒரு நாளைக்கு ஒரு துண்டில் மட்டும் விட்டார்கள். மாடு போன மூன்றாம் நாள், சக்கரம் வைத்த கோழிக் கூண்டை அங்கே தள்ளிக்கொண்டு போய்த் திறந்துவிட்டார்கள். கோழிகள் சாணத்தைக் கிளறி ஈயின் புழுவைத் தின்றன. நிலத்துக்கு உரம் பரவியது, ஈத்தொல்லை போயிற்று. நாலே வருஷத்தில், செருப்புச் சத்தம் கேட்கும் தரையாக இருந்த இடம் கால் புதையும் புல்வெளியானது.

காலையில் அக்கா கம்பியை அவிழ்த்தால் அடுத்த துண்டுக்கு முதலில் நடப்பது ஒற்றைக்கண்ணி. பதினான்கு வயசுக் கிழட்டு மாடு. சின்ன வயதில் முள் குத்தி ஒரு கண் போனது. பால் வற்றி வெகுநாளாயிற்று. ஆனால் அவள் நடந்தால் மற்ற எட்டும் நடக்கும். அவள் நின்றால் நிற்கும். அக்கா ஊர் திரும்பிய வருஷம் பிறந்த அவளை, அக்காவே புட்டியில் பால் கொடுத்து வளர்த்தாள்.

எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் பால் நிலையத்திலிருந்து கடிதம் வந்தது. இயற்கையைப் பார்த்து நடக்கும் பண்ணைகள், தாங்கள் இயற்கையைச் சரியாகத்தான் பார்த்திருக்கின்றனவா என்று இயற்கைப் பிரதி வாரியத்திடம் முத்திரை பெற வேண்டும். முத்திரை இல்லாத பாலை நாலு மாதத்துக்குப் பிறகு எடுக்க மாட்டார்கள்.

"போய் வாங்கிட்டு வந்துடுங்க. நம்ம பண்ணையைப் பார்த்தா யாரு மாட்டேன்னு சொல்லப் போறா?" என்றாள் மெல்லண்ணனின் மனைவி.

வாரியம் பட்டணத்தில் ஒரு கட்டடத்தின் ஏழாவது மாடியில் இருந்தது. தூசி வரக் கூடாது என்று சன்னல்களையெல்லாம் ஆணி அடித்து மூடியிருந்தார்கள். சுவரோரமாகப் பிளாஸ்டிக் பெரணிச் செடிகள். அவற்றின்மேல் 'தொடாதீர்கள், நிறம் ஒட்டும்' என்று அட்டை. கூரையிலிருந்த ஒலிபெருக்கியில் ஒரு குயில் இருபது விநாடிக்கு ஒருமுறை கூவியது. மெல்லண்ணன் பண்ணை விவரம் சொன்னதும், வரவேற்பில் இருந்த பெண் அவர் கையில் 'தாவர உண்ணி – 41' என்று ஒரு டோக்கனைக் கொடுத்தாள்.

"கோழியும் இருக்கும்மா."

"கோழிக்குப் பறவை கவுன்ட்டர். மூணாவது மாடி."

"வாத்து?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "வாத்து பறவையா நீர்வாழ் உயிரான்னு கமிட்டி உட்கார்ந்திருக்கு. முடிவாகிற வரைக்கும் உங்ககிட்ட வாத்து இல்லைன்னு எழுதிடுங்க. அதான் உங்களுக்கு நல்லது."

மெல்லண்ணன் வாத்து இல்லை என்று எழுதிக் கொடுத்தார். வாழ்க்கையில் அவர் எழுதிய முதல் பொய் அது. பஸ்ஸில் திரும்பும்போது குளத்து வாத்துகளின் முகம் வரிசையாக ஞாபகத்துக்கு வந்து சங்கடப்படுத்தியது.

இரண்டு வாரம் கழித்து ஆய்வாளர் வந்தார். பச்சை நிறச் சீருடை, வெள்ளை நிறச் சப்பாத்து. கையில் செங்கல் கனத்தில் ஒரு கையேடு, அதன் அட்டையில் புலிக்குப் பயந்து ஒட்டி ஓடும் மந்தையின் படம். புல்வெளிக்குள் வராமல், பாதையிலேயே நின்று, தொலைநோக்கியில் பண்ணையைப் பார்த்தார்.

"உள்ள வாங்க சார், மாடு ஒண்ணும் செய்யாது" என்றார் மெல்லண்ணன்.

"நான் இதுவரைக்கும் எண்ணூறு பண்ணை பார்த்திருக்கேன். ஒரு மாட்டைக்கூடத் தொட்டதில்ல. தொட்டுட்டா பாரபட்சம் வந்துடும்." ஆய்வாளர் கையேட்டைப் புரட்டினார். "ஒரு சாணத்துக்குக் குறைஞ்சபட்சம் நாற்பது புழு இருக்கணும். எண்ணிச் சொல்லுங்க."

மெல்லண்ணன் குந்தி உட்கார்ந்து எண்ணினார். "முப்பத்தொண்ணு சார்."

"ஒன்பது குறையுது."

"பக்கத்துச் சாணத்துல அம்பதுக்கு மேல இருக்குமே சார்."

"அதுல பத்தை எடுத்து இதுல போடுங்க. சராசரியா இருந்தாத்தான் இயற்கை." பிறகு கம்பியைக் கண்டுவிட்டார். "இது என்ன? இயற்கையில வேலி ஏது?"

இதற்கு அக்கா பதில் சொன்னாள். "இயற்கையில புலி இருக்குங்க. புலிக்குப் பயந்துதான் கூட்டம் நெருக்கமா மேயுது, ஒரே இடத்துல நிக்காம நகருது. புலி செய்யற வேலையை நமக்குக் கம்பி செய்யுது. ஒரு தடவை லேசா சுரீர்னா போதும், அப்புறம் கிட்ட போகாது. யாருக்கும் காயம் இல்ல."

மெல்லண்ணனுக்கு அக்காவை நினைத்துப் பெருமையாக இருந்தது. ஆய்வாளர் அவள் பக்கம் திரும்பினார்.

"கம்பிக்குப் பல் இருக்காம்மா?"

"இல்லைங்க."

"அப்ப அது புலி இல்ல." கையேட்டின் ஓரத்தில் குறித்துக்கொண்டார். "வேட்டை விலங்கு: பணியிடம் காலி. ஒரு பதவியைக் காலியா வச்சுக்கிட்டு முத்திரை கேக்குறீங்களே, நியாயமா?"

"நிஜப் புலிக்கு நாங்க எங்க சார் போறது?" என்றார் மெல்லண்ணன்.

"நிஜப் புலி வச்சிருந்தா கைது பண்ணிடுவோம். அதுக்குத்தான் தற்காலிக நியமனம்னு ஒரு வழி வச்சிருக்கோம்." ஆய்வாளர் ஒரு படிவத்தை நீட்டினார். அதில் ஓநாய், சிறுத்தை, புலி, இதர என்று நாலு கட்டம் இருந்தது. பண்ணையிலுள்ள ஒரு வயதுவந்த ஆண் அந்தப் பொறுப்பை ஏற்க வேண்டும்.

"இதரன்னு போட்டா நாலு தடவை அலைய விடுவாங்க. புலின்னே போடுங்க" என்று மனைவி காதில் சொன்னாள்.

இப்படித்தான் மெல்லண்ணன் தற்காலிகப் புலி ஆனார். ஒரு வாரத்தில் நியமன உத்தரவும், அடையாள அட்டையும், மஞ்சளில் கறுப்புக் கோடு போட்ட ஒரு மேல்சட்டையும் வந்தன. சட்டை ஒரே அளவில்தான் தயாராகிறதாம், முழங்கால்வரை தொங்கியது. காலை ஆறரைக்கும் மாலை நாலரைக்கும் மந்தையின்மேல் பாய வேண்டும். பாய்ந்த பிறகு ஒவ்வொரு மாட்டுக்கும் எவ்வளவு பயம் வந்தது என்று பத்துக்கு இத்தனை என மதிப்பெண் போட வேண்டும். அதற்குப் பயப் பதிவேடு என்று ஒரு தடித்த நோட்டும் கூடவே வந்தது.

முதல் நாள் காலை அவர் பாய்ந்தார். அதாவது, வேகமாக நடந்து போய் மாடுகளுக்கு முன்னால் நின்று, "உர்" என்றார். மாடுகள் நிமிர்ந்து பார்த்தன. சட்டையின் புதுச் சாயத்தில் உப்புக் கரித்திருக்கும் போலிருக்கிறது. நாலைந்து மாடுகள் வந்து அவரைச் சூழ்ந்துகொண்டு நக்கத் தொடங்கின.

வேலிக் கம்பத்தில் நோட்டை வைத்து அவர் எழுதிக்கொண்டிருந்தபோது அக்கா வந்தாள்.

"என்னடா எழுதுற?"

"பயம்க்கா. அஞ்சு, ஆறு, அஞ்சு..."

"யாருக்குப் பயம்? உன் சட்டையில பாதியை நக்கித் தீர்த்துடுச்சுங்க."

"எழுதித்தானே ஆகணும்."

அக்கா நோட்டை வாங்கிப் பார்த்தாள். ஒற்றைக்கண்ணிக்கு நேரே மட்டும் பூஜ்யம் இருந்தது. "இவளுக்கு மட்டும் ஏன் சைபர்?"

மெல்லண்ணன் கூச்சத்தோடு சிரித்தார். "மத்ததுக்கெல்லாம் பொய் எழுத முடிஞ்சுது. இவ என்னைப் பார்த்துப் பயந்தான்னு எழுத மனசு வரலக்கா."

அக்காவும் சிரித்தாள். இருவரும் சேர்ந்து சிரித்தது அன்றைக்குத்தான் கடைசி.

ஒரு மாதம் கழித்து ஆய்வாளர் பதிவேட்டைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். சராசரிப் பயம் நாலரை. விதிப்படி ஏழு வேண்டும். புலியிடம் அர்ப்பணிப்பு போதவில்லை என்று எழுதி, மூன்று நாள் பயிற்சி முகாமுக்கு அனுப்பினார்.

முகாம் வாரியத்தின் மாநாட்டு அறையில் நடந்தது. முப்பது பேர் வந்திருந்தார்கள். மெல்லண்ணனுக்கு வலப்பக்கம் உட்கார்ந்திருந்த ஓநாய் ஓய்வுபெற்ற தபால்காரர். முழங்கால் வலி என்று குப்பைத்தொட்டியைக் கவிழ்த்து அதன்மேல் காலை நீட்டியிருந்தார். இடப்பக்கத்துச் சிறுத்தை ஆடு வளர்ப்பவர், சுபாவத்தில் பயந்தவர், வகுப்பில் கேள்வி கேட்டுவிடுவார்களோ என்று கடைசிவரை தலையைத் தூக்கவில்லை. பயிற்றுநருக்கு விலங்குகளின் முடி ஒத்துக்கொள்ளாது, தும்மல் வரும். அதனால் திரையில் படம் போட்டுத்தான் வகுப்பு எடுத்தார்.

"எங்க தப்பு பண்றீங்க தெரியுமா? மாடு உங்களை நம்புது. அந்த நம்பிக்கைதான் முதல் எதிரி. அதை உடைச்சாத்தான் நாம இயற்கைக்குத் திரும்ப முடியும்." பயிற்றுநர் படத்தை மாற்றினார். "தகர டப்பாவுல கல்லைப் போட்டுக் குலுக்குங்க. காத்துக்கு எதிர்ப்பக்கமா, பின்னாலேர்ந்து வாங்க. மாடு தலை குனிஞ்சு மேயும்போது வாங்க. தீனி வைக்கிற நேரத்துல வந்தா இன்னும் விசேஷம், எதிர்பார்க்கவே எதிர்பார்க்காது."

மெல்லண்ணன் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார். சொல்லிக் கொடுத்ததைச் சரியாகச் செய்யும் சுபாவம் அவருக்குப் பள்ளிக்கூடத்திலிருந்தே உண்டு.

ஊர் திரும்பிய மறுநாள் மாலை தகர டப்பாவோடு, குனிந்து, மாடுகளுக்குப் பின்புறமாகப் போனார். ஆறடி தூரத்தில் நிமிர்ந்து டப்பாவைக் குலுக்கிக்கொண்டு, தொண்டை கிழியக் கத்தியபடி ஓடினார். அந்தக் குரல் தன்னுடையதுதானா என்று அவருக்கே சந்தேகமாக இருந்தது. மாடுகள் சிதறி ஓடின. சிவலைக் கன்று ஒன்று கம்பியில் போய் மோதி, சுருண்டு விழுந்து, எழுந்து தாயைத் தேடி அலறியது. மந்தை மூலையில் போய் ஒட்டிக்கொண்டு நின்று, எட்டு ஜோடிக் கண்களால் அவரைப் பார்த்தது.

அப்போது அவருக்குள் ஒரு சந்தோஷம் எழுந்தது. அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. வருஷக்கணக்காகப் பால் நிலையத்திலும், பதிவு அலுவலகத்திலும், ஏழாவது மாடியிலும் கையைக் கட்டிக்கொண்டு நின்ற மனிதர் கத்தி, முதல் தடவையாக ஒரு கூட்டம் ஓடியிருக்கிறது. எட்டு, ஒன்பது, எட்டு என்று எழுதினார். இந்தத் தடவை ஒன்றுகூடப் பொய் இல்லை.

ஒற்றைக்கண்ணி மட்டும் நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். டப்பாவைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். ஆள் ஏதோ சரியில்லை என்று தோன்றியிருக்க வேண்டும். மெதுவாக வந்து அவர் தோளில் முகத்தைத் தேய்த்தாள். அவளுக்கு அன்றும் பூஜ்யமே விழுந்தது.

இரண்டு மாதத்தில் சராசரி எட்டைத் தொட்டது. பால் கறக்க அவர் போனால் மாடுகள் பாலை அடக்கிக்கொண்டன. அக்காவும் மனைவியும் மட்டுமே கறந்தார்கள். அக்கா ஒருநாள் கேட்டாள்: "இது எத்தனை நாளைக்கு?"

"முத்திரை வர்ற வரைக்கும்தான்க்கா. வந்ததும் சட்டையைக் கழட்டி எறிஞ்சுடுவேன்."

முத்திரைக்கு இன்னும் ஒரே ஒரு படி பாக்கி என்று ஆய்வாளர் சொன்னார். இறுதி ஆய்வுக்கு இயக்குநரே வருகிறாராம். வந்த அன்று அக்கா பண்ணையில் இல்லை. கோழிக் கூண்டின் சக்கரம் உடைந்து, அதைச் சரிசெய்ய மனைவியோடு பட்டறைக்குப் போயிருந்தாள். இயக்குநரோடு ஆய்வாளரும் புகைப்படக்காரர் ஒருவரும் வந்தார்கள், பின்னால் ஒரு லாரி வந்தது.

இயக்குநர் பாதையில் விரித்த கம்பளத்தில் நின்று பேசினார். கேட்பதற்கு ஆய்வாளரும், புகைப்படக்காரரும், லாரி டிரைவரும், மெல்லண்ணனும்தான் இருந்தார்கள் என்றாலும் கூட்டத்தைப் பார்த்துப் பேசுவதுபோலவே பேசினார்.

"நண்பர்களே! காட்டை நாம இழந்தோம். ரோடு போட்டு இழந்தோம், கட்டடம் கட்டி இழந்தோம். நம்ம வாரியத்துப் பயிற்சி வளாகத்துக்கு மட்டும் நாற்பது ஏக்கர் காட்டை வெட்டினோம். வெட்டும்போது எனக்குக் கண்ணே கலங்கிடுச்சு. அதனாலதான் திறப்பு விழாவுக்கு வந்தவங்களுக்கெல்லாம் ஒரு மரத்தோட படம் குடுத்தோம். அசல் போனா போகட்டும், பிரதி நம்ம கையில பத்திரமா இருக்கு. பிரதி பத்திரமா இருக்கிற வரைக்கும் அசலுக்கு என்ன வேலை?"

ஆய்வாளர் கைதட்டினார். டிரைவரும் தட்டினார். மெல்லண்ணனும் தட்டினார்.

பிறகு ஆய்வாளர் பதிவேட்டைத் திறந்தார். "இயற்கையில வருஷத்துக்கு ஒரு தடவையாவது மந்தையில பலவீனமானதைப் புலி எடுத்துக்கும். நீங்க தற்காலிகப் புலிங்கிறதால கடிக்கச் சொல்ல மாட்டோம். புலி சுட்டிக்காட்டினா போதும். மிச்சத்தை வாரியம் பார்த்துக்கும். இதுல தொண்ணூறு நாளா பூஜ்யம் வாங்கின ஒரு மாடு இருக்கே, எது அது?"

மெல்லண்ணன் மந்தையைத் திரும்பிப் பார்த்தார்.

"ஆபத்தைக் கண்டும் பயப்படாத விலங்கு பலவீனமான விலங்கு. பாரா பதினேழு. ஆதாரம் உங்க கையெழுத்துலயே இருக்கு."

அந்த இடத்தில் அவர் பேசியிருக்கலாம். மந்தையை நடத்துவதே அவள்தான் என்று சொல்லியிருக்கலாம். மற்றவையெல்லாம் பொய் மதிப்பெண்ணோடு தொடங்கியவை என்று சொல்லியிருக்கலாம். அக்கா வரட்டும் என்றாவது சொல்லியிருக்கலாம். இயக்குநர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஆய்வாளரின் பையிலிருந்து முத்திரைப் பலகையின் பளபளப்பான விளிம்பு எட்டிப் பார்த்தது. நாலு நாளில் பால் நிலையம் கொடுத்த தவணை முடிகிறது. மெல்லண்ணன் கையைத் தூக்கி ஒற்றைக்கண்ணியைச் சுட்டிக்காட்டினார். புகைப்படக்காரர் அந்த விரலை மூன்று கோணத்தில் எடுத்துக்கொண்டார்.

லாரியின் சரிவுப் பலகையில் ஏற மாடு தயங்கியது. டிரைவர் குச்சியை எடுத்தார். அடி விழ வேண்டாமே என்று மெல்லண்ணன் தானே முன்னால் ஏறி நின்று, "வாம்மா, மெல்ல, மெல்ல" என்றார். அவர் குரலைக் கேட்டதும் அவள் ஏறிவிட்டாள்.

ஆய்வாளர் அவளுக்குரிய பக்கத்தில் ஒரு ரப்பர் முத்திரையைக் குத்தினார். 'இயற்கை எய்தியது' என்று நீல மையில் விழுந்தது. லாரி இன்னும் வாசலைத் தாண்டியிருக்கவில்லை.

சாயங்காலம் அக்கா வந்து, "எங்கடா அவ?" என்றாள்.

"பரிசோதனைக்குக் கூட்டிட்டுப் போயிருக்காங்கக்கா. கண்ணைப் பார்க்கணுமாம். பத்து நாள் ஆகுமாம்."

எப்படி அவ்வளவு சரளமாக வாயில் வந்தது என்று அவருக்கே தெரியவில்லை. அக்கா நம்பினாள். "தண்ணி வெதுவெதுன்னு இருந்தாத்தான் குடிப்பான்னு சொன்னியா?" என்று கேட்டாள். சொன்னேன் என்றார்.

வாசலில் முத்திரைப் பலகையை அடித்தார்கள். பால் வண்டிக்காரர் அதைப் படித்துவிட்டுக் கைகுலுக்கினார். மெல்லண்ணன் சட்டையைக் கழட்டி வைத்துவிட்டு மந்தைப் பக்கமே போகாமல் இருந்தார். ஆனால் மாடுகள் நகர மறுத்தன. அக்கா காலையில் கம்பியை அவிழ்த்தால், பக்கத்துத் துண்டில் புல் முழங்கால் உயரத்துக்கு நின்றாலும், மேய்ந்து கட்டையாகிவிட்ட இடத்திலேயே எட்டும் நின்றன. நடத்திப்போக ஆள் இல்லை. அக்காவும் மனைவியும் ஒவ்வொன்றாகக் கழுத்தைப் பிடித்து இழுத்துப் போக மதியமாகிவிடும். பழைய துண்டு சேறாகியது. அதைக் கிளறக் கோழிகளுக்குப் பிடிக்கவில்லை, ஈ பெருகியது. "அவ வந்துட்டா சரியாயிடும்" என்று அக்கா தினமும் சொன்னாள். அதைக் கேட்கும்போதெல்லாம் மெல்லண்ணன் பாதிச் சோற்றில் எழுந்துவிட்டார். ஏழாம் நாள் அக்கா அவளுக்கென்று வைக்கோலைத் தட்டி உலர்த்திப் படுக்கை போடுவதைப் பார்த்ததும் அவரால் இருக்க முடியவில்லை. பஸ் ஏறிவிட்டார்.

ஏழாவது மாடியில் குயில் கூவிக்கொண்டிருந்தது. வரவேற்புப் பெண்ணிடம், "நான் ஒரு தப்பு பண்ணிட்டேம்மா. அதைச் சொல்லணும்" என்றார்.

"புகாரா?"

"ஆமா."

"யார் மேல?"

"என் மேல."

அவள் இழுப்பறையில் தேடினாள். "உங்களுக்கு யாராவது தப்பு பண்ணியிருந்தா மஞ்சள் படிவம். வாரியம் தப்பு பண்ணியிருந்தா, அப்படி நடக்கிறதில்ல. நீங்களே தப்பு பண்ணியிருந்தா..." இன்னும் இரண்டு இழுப்பறைகளைத் திறந்து பார்த்துவிட்டு அவரை இயக்குநரிடம் அனுப்பினாள்.

இயக்குநர் அவரைப் பார்த்ததும் எழுந்து நின்றார். "வாங்க வாங்க! உங்க விரல்தான் இந்த வருஷத்து அறிக்கைக்கு அட்டைப்படம்."

"சார், அந்த மாடு பலவீனமானது இல்ல. அது தெரிஞ்சே காட்டினேன். எனக்குத் தண்டனை ஏதாவது குடுங்க. அந்த முத்திரையை வேணும்னாலும் எடுத்துக்குங்க. அவ இருக்காளா சார்? திருப்பிக் கூட்டிட்டுப் போக முடியுமா?"

"அன்னைக்கு மதியமே முடிஞ்சிடுச்சே" என்றார் இயக்குநர், சாதாரணமாக. பிறகு நாற்காலியை முன்னுக்கு இழுத்தார். "இங்க பாருங்க, காட்டுல எந்தப் புலியாவது மானைத் தின்னுட்டு வந்து மன்னிப்புக் கேட்குதா? குற்ற உணர்ச்சி இயற்கையிலயே கிடையாது. நீங்க சொன்னதை நான் எழுத்துல வாங்கினா பண்ணையில இயற்கைக்கு மாறான நடத்தைன்னு பதிவாகும். எதுக்கு வம்பு? எனக்கும் ஆரம்பத்துல இப்படித்தான் இருந்துச்சு. அப்புறம் பதவி உயர்வு வந்துச்சு, சரியாப் போச்சு." மேசையிலிருந்து ஒரு உறையை எடுத்து அவர் கையில் திணித்தார். "உங்களுக்கும் வந்திருக்கு. தபால்ல அனுப்பலாம்னு இருந்தோம். இன்னையிலேர்ந்து நீங்க நிரந்தரப் புலி."

மெல்லண்ணன் அந்த உறையோடு வீட்டுக்கு வந்தார். அக்கா முட்டை அறையில் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு, உள்ளே வராமல், எல்லாவற்றையும் சொன்னார். பூஜ்யத்தைச் சொன்னார், விரலைச் சொன்னார், கண் பரிசோதனை என்று சொன்ன பொய்யையும் சொன்னார். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. அக்காவின் கை ஒரு முட்டைமேல் அப்படியே நின்றது.

"வண்டியில எப்படி ஏறினா?" என்று கேட்டாள்.

"நான் கூப்பிட்டேன்க்கா."

"வந்தாளா?"

"உடனே வந்தா."

அக்கா கையிலிருந்த முட்டையைத் தட்டில் வைத்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நாளைக்குத் தொழுவத்துப் பக்கம் வராத. மாடு பயப்படுது" என்றாள்.

திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு. மறுநாள் காலை சொன்னபடியே முட்டை அறைச் சுவருக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு, கேட்டதை மட்டும் கேட்டார். அக்கா கம்பியை அவிழ்த்தாள். மாடுகளைக் கூப்பிட்டாள். பேர் சொல்லிக் கூப்பிட்டாள், தீவன வாளியைத் தட்டினாள். ஒன்றும் அசைகிற சத்தம் கேட்கவில்லை. மனைவிக்கு அன்று காய்ச்சல். இழுத்துப் போக அக்கா ஒருத்திதான். சேற்றில் அவள் கால் வழுக்கி விழுந்த சத்தம் கேட்டது. அவர் எழுந்தார், வரக் கூடாது என்றது ஞாபகம் வந்து மறுபடி உட்கார்ந்தார். அக்காவின் குரல் கொஞ்சம் கொஞ்சமாகக் கம்மிப் போயிற்று. வெயில் ஏறி, கூண்டுக்குள் கோழிகள் சத்தம் போடத் தொடங்கின.

"டேய்" என்று அக்கா கூப்பிட்டாள்.

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"வா. வந்து அந்தப் பக்கமா நில்லு."

மெல்லண்ணன் சுவருக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தார். கோடு போட்ட சட்டை இல்லை, டப்பா இல்லை. அழுக்கு வேட்டியும் பனியனுமாக வெறுமனே நின்றார். அவர் வாயைத் திறப்பதற்குள் மாடுகள் பார்த்துவிட்டன. எட்டும் உடம்போடு உடம்பு ஒட்டி, கன்றை நடுவில் விட்டுக்கொண்டு, கையேட்டில் போட்டிருந்த படத்தைப் போலவே, ஒரே ஓட்டமாக அடுத்த துண்டுக்குள் போய்ச் சேர்ந்தன.

அக்கா கம்பியை இழுத்துக் கட்டினாள். முடிச்சை இறுக்கினாள். கையிலிருந்த சேற்றைப் புல்லில் துடைத்தாள்.

"நாளைக்கும் வந்துடு" என்றாள், அவரைத் திரும்பிப் பார்க்காமல்.